கோப்பியிலை நோயும் மலைத்தோட்டத் தமிழரும்

கி.பி. 1869ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்னும் நூல் யாழ்ப்பாணத்தில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. இலங்கை மலைநாட்டில் கோப்பித் தொழில் செழித்திருந்த காலத்து எழுந்த நூல் அஃது. அத்தொழிலை அடியோடு சாய்த்த இலைநோய் அங்கு இனங்காணப்பட்டதும் அவ்வாண்டிலேதான். இவ்வொற்றுமை தற்செயலானதே. எனினும், அக்கும்மியைப் பயில்வோர் அந்நோயின் வரலாற்றையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும் என்பது எம் கருத்து. அவ்வரலாற்றையே ஈண்டுச் சுருங்க ஆராய்கின்றோம்.

முதலில் நோயின் குறிகளைக் காண்போம். இலையின் மேற்புறத்தில் வெளிறிய மஞ்சட் புள்ளிகள் தோன்றும். இலையைத் திருப்பிப் பார்த்தால், அப்புள்ளிகளின் நேர் கீழே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். இரும்பிற் பிடித்த துருவை ஒத்திருத்தலின் இதனை இலைத்துரு நோய் என்பர். நோயுற்ற இலைகள் காலத்திற்கு முன்னரே உதிரும். மரமோ உடனே பட்டுப்போவதில்லை, மீண்டும் தளிர்க்கும். அத்தளிரும் நோயுறும். இங்ஙனம் இலையிழந்து இலையிழந்து மரம் வலிகுன்றும், காய்ப்பும் குறையும்.

நோய்க்குப் பெயர் விரைவிலேயே கிடைத்துவிட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைட்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் பெர்க்லி ஆராய்ந்தார். இதனை ஒரு பூஞ்சையெனக் கண்டு, 1869லேயே 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். முதற்சொல் அதன் வித்துத்தூள் ஒருபுறம் மழமழப்பாயிருத்தலைச் சுட்டும். இரண்டாஞ்சொல் 'பாழ்படுத்துவது' எனப் பொருள்படும்.

ஆயின், பெயரறிதல் வேறு; நோயின் முதல் அறிதல் வேறு. தோட்டத்துரைமார் பலர் மழைமிகுதியையும் மண்வளக் குறைவையுமே காரணமெனக் கருதினர். உதிர்ந்த கிளையில் தளிர் கண்டபோதெல்லாம் நோய் நீங்கிற்று என்று நம்பினர். 1870ஐ அடுத்த ஆண்டுகளிற் கோப்பியின் விலை உயர்ந்தமையால் விளைவின் குறைவு வருவாயிற் புலப்படவில்லை. காடுகள் மேலும் அழிக்கப்பட்டு, மலைச்சரிவெங்கும் கோப்பிக் கன்றுகள் நடப்பட்டன. இடையீடின்றி ஒரேவகைப் பயிர் பரந்து நின்றமை நோய் பரவுதற்குப் பெருந்துணையாயிற்று.

1880இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்டு என்னும் இளைஞரே உண்மையைத் தெளிவுற நிறுவியவர். வித்துத்தூள் காற்றாற் பரவுகின்றது. இலைமேல் நிற்கும் நீர்த்துளியில் முளைக்கின்றது. இலையடியிலுள்ள நுண்துளைகளின் வழியே உட்புகுகின்றது. உள்ளே பரவிய பின்னரே புள்ளி வெளிப்படுகின்றது. இவற்றை அவர் படிப்படியாகக் காட்டினார். எனவே, புள்ளியைக் கண்டபின் செய்யும் மருத்துவம் அவ்விலையைக் காவாது. கந்தகமும் சுண்ணமும் தூவிப் பார்த்தவர் உண்டு. இலையினுள்ளே புகுந்துவிட்ட பூஞ்சையை அவை எட்டவில்லை. வித்து முளைக்குமுன் இலையைக் காத்தலே வழி என்பது இவ்வாராய்ச்சியாற் போந்த முடிபு.

அதற்கேற்ற மருந்து அன்று கையிலில்லை. வார்டு 1882இல் இலங்கையை விட்டு நீங்கினார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையின் பயனைப் பிரான்சு நாட்டில் மில்லார்தே வெளியிட்டது 1885இல். அதுவும் கொடிமுந்திரியின் நோய்க்காக. செம்பு கலந்த மருந்துகள் பின்னாளிற் கோப்பித் துருவுக்கும் பயன்பட்டன. ஆனால் அதற்குள் இலங்கைக் கோப்பி வீழ்ந்துவிட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பி நின்ற இடங்களைப் பற்றிக்கொண்டது.

இம்மாற்றத்தைத் துரைமாரின் இழப்பாக மட்டும் எழுதிச் செல்லுதல் முறையன்று. கோப்பி பறிக்க வந்தோர் தமிழகத்துச் சிற்றூர்களினின்று மன்னார் வழியே நடந்து வந்த ஏழை மக்கள். பறிப்புக் காலம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுதும் ஆள் வேண்டுவது. ஆகவே குடும்பம் குடும்பமாகத் தோட்டத்திலேயே தங்குதல் பெருகிற்று. வந்து மீண்ட மக்கள் மலையகத்தின் குடிகளாயினர். அங்ஙனம் வேரூன்றியோரின் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோரையே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோர் ஆக்கிற்று.

மலையக மக்களின் வரலாற்றை ஆள்திரட்டிய கங்காணியிடமும் சட்டம் இயற்றிய மன்றத்திடமும் தேடுவது போலவே, உதிர்ந்த கோப்பியிலையிடத்தும் தேடுதல் வேண்டும். அக்கும்மியை அச்சிட்ட ஆண்டே அவ்விலை உதிரத் தொடங்கிய ஆண்டு என்பதை நினைந்து படிப்போர்க்கு, அந்நூல் ஒரு தொழிலின் புகழ்நூலாக மட்டும் அமையாது. மறைந்துபோன ஒரு வாழ்க்கையின் சான்றாகவும் விளங்கும்.