சந்தன மரம் யாருக்குச் சொந்தம்?

சந்தன மரத்தின் வெளிறில் மணமில்லை. நடுவிலுள்ள வைரத்திலும் வேரிலும்தான் தைலம் ஊறுகிறது. அதனால்தான் இந்த மரத்தை வெட்டுவதில்லை. வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். வைரம் ஏறுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். பிறகு 100 கிலோ கட்டையைப் பொடித்து நீராவியில் வடித்தால் 2 முதல் 6 கிலோ தைலம் தேறும். மற்ற மணங்களை நெடுநேரம் பிடித்து வைக்கும் குணம் இந்தத் தைலத்துக்கு உண்டு. கன்னோசியின் அத்தர்காரர்கள் ரோஜாவையும் தாழம்பூவையும் இதில்தான் இறக்கினார்கள். இன்று அவர்களில் பலர் அதற்குப் பதிலாக விலை மலிந்த பாரஃபின் எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள். 1950களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 டன் சந்தனக்கட்டை தந்த நாட்டில், அரை நூற்றாண்டு கழித்து அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பது அரிதாயிற்று. இந்த வீழ்ச்சிக்குக் கொள்ளையரைக் குற்றம் சொல்வது வழக்கம். என் கணிப்பில் மூல காரணம் அதற்கு வெகு காலம் முன்பே, மரத்தைக் காப்பதற்கென்று போட்ட ஆணையிலேயே இருக்கிறது.

1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். அவருக்குப் பின் வந்த மைசூர் மன்னர்களும் ஆங்கிலேயரும் விடுதலைக்குப் பிந்தைய அரசுகளும் அந்த உரிமையை நெடுங்காலம் விடவில்லை. காட்டு மரத்துக்கு மட்டுமல்ல, உழவரின் வரப்பில் தானாக முளைத்த மரத்துக்கும் அரசே உடைமையாளராக இருந்தது. வருமானம் பெரிது என்பதை மறுக்க முடியாது. முதல் உலகப் போர் வரை மைசூர்க் கட்டையில் பெரும்பகுதி ஏலத்தில் ஜெர்மனிக்குப் போய், அங்கேதான் தைலமானது. 1914-இல் போர் அந்த வழியை அடைத்தபோது, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வடிக்கும் முறையைச் சோதித்துப் பார்த்து, 1916-இல் மைசூர் அரசு தானே தைலம் எடுக்கத் தொடங்கியது. விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த காலம் அது. மைசூர் சாண்டல் சோப்பு அந்த முயற்சியின் பிள்ளை. ஒரு மரத்தை நம்பி நாட்டுக்கே ஒரு தொழிலை எழுப்பிய அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் உழவரின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். சந்தனம் அரை ஒட்டுண்ணி. அருகிலுள்ள செடிகளின் வேரைப் பற்றித்தான் வளரும். விதையைப் பறவைகள் கொண்டுவந்து போடும். வேலியோரத்தில் அதுவாகவே முளைக்கும் அந்தக் கன்று வளர்ந்தால், மரம் அரசுக்கு, காவல் உழவருக்கு, திருட்டுப் போனால் விசாரணையும் அவருக்கே என்றிருந்தது. கன்றிலேயே பிடுங்கி எறிவது அவருக்கு நிம்மதியாக இருந்தது. அப்படிப் பிடுங்கி எறிந்தவர்கள் ஏராளம். காடு சுருங்கியபோது அந்த இழப்பை வரப்புகள் ஈடுகட்டியிருக்க முடியும். அந்த வாய்ப்பைச் சட்டம் மூடிவிட்டது.

நோயை மறக்கலாமா என்று கேட்கலாம். 1899-இல் குடகில் கண்டறியப்பட்ட ஸ்பைக் நோய், இலைகளைச் சிறுக்கச் செய்து லட்சக்கணக்கான மரங்களைக் கொன்றது உண்மைதான். ஆனால் நோய் விழுந்த இடத்தில் மறுபடி நட யாருக்கும் ஆசை இல்லாமற்போனதே பெரிய கேடு. சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனைச் சொல்வார்கள். சத்தியமங்கலம் காடுகளில் அவன் செய்த அழிவு பெரிது. ஆனால் 2004 அக்டோபரில் அவன் இறந்த பிறகும் திருட்டு நிற்கவில்லை. நேர்வழியில் விற்க முடியாத பொருளுக்கு உலகமே விலை கொடுக்கக் காத்திருந்தால் கள்ளச்சந்தை தானாகவே முளைக்கும். இவற்றைவிட வலுவான மறுப்பு மறையூர். கேரளத்தின் அந்த மலைச்சரிவில் பல்லாயிரம் சந்தன மரங்கள் இன்றும் நிற்பதற்கு அரசின் காவலே காரணம். இதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே இடத்தில் செறிந்த காட்டை வேலியிட்டு, இரவும் பகலும் ஆள் நிறுத்திக் காக்கலாம். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் வரப்பு மரத்துக்கு அதன் உடைமையாளரைத் தவிர வேறு யார் காவல் நிற்க முடியும்?

மேற்கு ஆஸ்திரேலியாவின் கனனுராவில் இதே இந்தியச் சந்தனத்தை ஆற்றுப் பாசனத்தில் தோட்டம் தோட்டமாக வளர்த்துத் தைலம் எடுக்கிறார்கள். இந்த மரம் மனிதர் வைத்தால் வளராது என்ற பேச்சுக்கு அதுவே பதில். இங்கேயோ கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தனத்தை நிலத்துக்காரருக்கே உரியதாக்கின. திப்புவின் ஆணையிலிருந்து அதற்கு 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தத் திருத்தத்துக்குப் பின் நட்ட கன்றுகளில் மூத்தவை வைரம் ஏறும் வயதைத் தொட்டிருக்கின்றன. அவற்றைத் தோண்டி எடுத்து விற்க, நட்டவர் இன்றும் வனத்துறையின் அனுமதியைப் பெற்றாக வேண்டும்.