எலி விழுந்தால் ஒரு புள்ளி

அறிவியல் விளையாட்டு என்று கடையில் விற்பதில் பாதி, பகடை வைத்த பரீட்சைத் தாள்தான். கேள்விச் சீட்டை எடு, வௌவால் பாலூட்டியா என்று சொல், இரண்டு கட்டம் முன்னே போ. கேள்விகளைக் கழற்றிவிட்டு மாநிலத் தலைநகரங்களை மாட்டினாலும் ஆட்டம் அப்படியே ஓடும். கெடாவின் பாடாங் செராய்ப் பிள்ளைகளுக்கு இது புரியப் பத்து நிமிடம் போதும்.

எலிசபெத் ஹார்கிரேவ் வேறு பக்கமாகப் போனார். அமெரிக்காவின் மேரிலாந்துக்காரர். அப்போது பிழைப்புக்குச் சுகாதாரக் கொள்கை ஆய்வு, ஓய்வுக்குப் பறவை பார்ப்பதும் பலகை ஆட்டமும். கோட்டை கட்டு, ரயில் பாதை போடு என்றே வந்துகொண்டிருந்த ஆட்டங்கள் அவருக்குச் சலித்துவிட்டன. தனக்குப் பிடித்த பறவைகளை வைத்துத் தானே ஒன்று செய்ய உட்கார்ந்தார். முதலில் பிறந்தது ஒரு கணினி அட்டவணை. வரிசைக்கு ஒரு பறவை. எங்கே வாழும், என்ன தின்னும், எப்படிக் கூடு கட்டும், சிறகை விரித்தால் எத்தனை சென்டிமீட்டர்? கார்னெல் பறவையியல் ஆய்வகம் போன்ற இடங்களிலிருந்து திரட்டிய தகவல்கள் அதில் ஏறின.

2016இல் இண்டியானாபொலிஸில் நடந்த ஜென் கான் விளையாட்டுச் சந்தையில் மாதிரியைப் பதிப்பாளர்களிடம் காட்டினார். ஸ்டோன்மையர் கேம்ஸின் ஜேமி ஸ்டெக்மையருக்குப் பிடித்தது; ஆனாலும் திருத்தம் மேல் திருத்தம். 2019 தொடக்கத்தில் 170 பறவைச் சீட்டுகளோடு 'விங்ஸ்பேன்' வெளிவந்தது. அச்சிட்டது போதவில்லை. அதே ஆண்டு ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் விருதும் கிடைத்தது.

விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதன் விதிகள். அமெரிக்கக் கௌபேர்ட், நம் குயில் காகத்தின் கூட்டில் செய்வதைச் செய்யும் பறவை. அந்தச் சீட்டு உங்களிடம் இருந்தால், இன்னொருவர் முட்டையிடும்போது உங்கள் கிண்ணக்கூட்டுப் பறவை ஒன்றின்மேல் நீங்களும் ஓசியில் ஒரு முட்டை வைக்கலாம். சில வேட்டைப் பறவைகளுக்குக் கட்டின் மேல்சீட்டைப் புரட்ட வேண்டும். வந்த பறவையின் சிறகு குறித்த அளவுக்குச் சிறியதென்றால் இரை, இல்லையென்றால் வெறும் வயிறு. அடுத்தவர் வேட்டை பலித்தால் பிணந்தின்னிக் கழுகு வைத்திருப்பவருக்கும் தீனி உண்டு. யாரும் எதையும் மனப்பாடம் செய்வதில்லை. ஜெயிக்க ஆசைப்பட்டால் பறவையின் பிழைப்பைப் புரிந்துகொண்டே தீர வேண்டும்.

கூகைக்கும் அதில் ஒரு சீட்டு இருக்கிறது. பகடையை உருட்டி எலி விழுந்தால், அதைக் கூகையின் மேல் சேமிக்கலாம். ஆட்டம் முடிந்ததும் ஒரு புள்ளி. கெடாவில் பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சீட்டு அந்நியமாக இருக்காது. செம்பனைப் பழத்தை எலி கடித்துத் தீர்க்கும். வைத்த விஷத்துக்கு எலிகள் பழகிப்போனதும் மலேசியத் தோட்டங்கள் கூகையைக் கூப்பிட்டன. கூகை தானாகக் கூடு கட்டாது, பொந்து தேடும். இளஞ்செம்பனையில் பொந்துக்கு எங்கே போவது? அதனால் கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்தார்கள். ஒரு ஜோடி, குஞ்சுகளோடு சேர்த்து, ஆண்டுக்கு ஆயிரம் எலி அளவுக்குத் தின்னும் என்பது கணக்கு. லயத்துக் கூரையில் கூகை அலறினால் சாவு விழும் என்று பயந்த பாட்டிமார் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

2022இல் 90 சீட்டுகளோடு விங்ஸ்பேனின் ஆசியப் பதிப்பும் வந்துவிட்டது. ஆனால் தோட்டத்துக்கென்று ஆட்டம் செய்ய விரும்பும் நம் ஆசிரியர் ஒருவர் அதை வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பழைய அட்டைப்பெட்டியும் பேனாவும் போதும். எலிச் சீட்டு, பழக்குலைச் சீட்டு, பெட்டி, கூகை. ஒவ்வொரு சுற்றிலும் எலி பெருகும், குலை குறையும். பெட்டி வைத்தவர் கூகை வரக் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு வீரியமான புது விஷச் சீட்டு ஒன்றும் கொடுக்கலாம்: போட்டவுடன் எலிகள் பாதியாகும். விஷம் தின்ற எலியைத் தின்று அடுத்த சுற்றில் கூகையும் செத்துப்போகும்; பக்கத்துத் தோட்டக்காரர் வளர்த்த கூகையும் சேர்ந்துதான். அங்கே மேசையில் ஒரு சண்டை வரும், வரட்டும்.