நல்ல சாப்பாட்டுக் கடையைத் தேடி

லம்பா லைனில் டிசம்பர் மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். சென்னையில் அதே நாள் ஐந்தே முக்கால் ஆகும். கடிகாரம் ஒன்றுதான், சூரியன்தான் முன்னே பின்னே. இருட்டிய பின் உண்ணாத எங்களைப் போன்ற தமிழ்ச் சமணர்களுக்கு இந்த முக்கால் மணி நேரம் பெரிய சொத்து. மூன்று நாள் கப்பலில் கிடந்து, துறைமுகத்தில் இறங்கி, மொத்தக் கடைகளில் சரக்குப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் மணி ஐந்து. அப்புறம் எங்கே போய்ச் சாப்பிடுவது? முப்பது வருஷமாக இந்த ஒரு கேள்விதான் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகளின் சரித்திரத்தை என்னைத் தேட வைத்தது.

போன தடவை பேத்தியும் கூட வந்தாள். கப்பலில் இருக்கும்போதே, "தாத்தா, மெட்ராஸ்லயே நல்ல பீட்சா கடை எது?" என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கேள்வி மிகப் பழசு என்பது தெரியும்.

சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். கோவலனும் நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்த வியாபாரிதான். மதுரை பெரிய நகரம், தெரிந்தவர் யாருமில்லை. கூட வந்த கவுந்தியடிகள் சமணத் துறவி. அவர் ஊருக்கு வெளியே ஆயர் சேரியில் மாதரி என்ற இடைக்குல மூதாட்டியிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார். கொலைக்களக் காதையில் அந்த மாதரி செய்வதுதான் எனக்கு ஆச்சரியம். வந்தவர் சாவக நோன்பி, அதாவது சமண இல்லறத்தார், பகலிலேயே உண்ண வேண்டும் என்று தெரிந்துகொண்டு, தாமதமில்லாமல் சமைக்கப் புதுக் கலங்கள் கொடுக்கச் சொல்கிறாள். பிறகு பலா, வெள்ளரி, மாதுளங்காய், மா, வாழை, சாலி அரிசி என்று ஆயர் பெண்கள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் கிழங்கு ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா? அவள் நம் மதத்துக்காரி அல்ல. ஆனாலும் விருந்தாளி எதைச் சாப்பிடமாட்டான், எப்போது சாப்பிடுவான் என்று விசாரித்து அறிந்தவள். என் கணக்கில் நல்ல சாப்பாட்டு இடத்துக்கு இலக்கணம் அதுதான். ருசி அப்புறம்.

சென்னைக்கு வருவோம். முற்காலத்தில் வெளியூர்க்காரனுக்குச் சத்திரம், தெரிந்தவர் வீடு, கட்டுச்சோறு, இவ்வளவுதான் கதி. கச்சேரிக்கும் ஆபீசுக்கும் படிப்புக்கும் என்று தனி ஆட்கள் பட்டணத்தில் குவியக் குவிய, காசுக்குச் சோறு போடும் கிளப்புகளும் மெஸ்களும் முளைத்தன. இதில் பெயர் வாங்கியவர்கள் உடுப்பிக்காரர்கள். கடந்தலே கிருஷ்ண ராவ், உடுப்பிப் பக்கத்துக் கிராமத்துப் பையன், மடத்துச் சமையலறையில் எடுபிடி வேலை பார்த்தவர். அவர்தான் 1938-ல் ராயப்பேட்டையில் இராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான பங்களாவில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். பின்னாளில் அந்தப் பெயரிலேயே மயிலாப்பூரில் நியூ உட்லண்ட்ஸ், கதீட்ரல் சாலையில் காரிலேயே உட்கார்ந்து சாப்பிடும் டிரைவ்-இன். அது 1962 முதல் 2008 வரை நடந்தது. இன்று அந்த இடம் செம்மொழிப் பூங்கா.

உடுப்பிச் சமையல் மடத்துச் சமையல். பழைய முறையில் வெங்காயம், பூண்டு கிடையாது. எங்கள் ஆட்கள் உடுப்பி ஓட்டலைத் தேடிப் போனதற்கு இதுவே காரணம். (சைவ ஓட்டல் என்று போர்டில் எழுதியிருக்கும். சமணன் உள்ளே போய் உட்கார்ந்து 'சைவம்தானே?' என்று கேட்பான். சம்பந்தரும் அப்பரும் கேட்டால் என்ன நினைப்பார்களோ!)

அங்கே தட்டில் வரும் இட்லிக்கும் எங்களுக்கும் பழைய உறவு. இட்லியின் பெயர் முதலில் கிடைப்பது வட்டாராதனை என்ற கன்னட நூலில். சிவகோட்டியாசாரியர் என்ற சமணர் ஏறத்தாழ 920-ல் எழுதியது. அடுத்த நூற்றாண்டில், 1025 வாக்கில், இரண்டாம் சாவுண்டராயர் லோகோபகாரம் என்ற நூலில் செய்முறையே கொடுக்கிறார். உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து, தயிர்த் தெளிவும் சீரகம், கொத்தமல்லி, மிளகு, பெருங்காயமும் சேர்ப்பது. அரிசி பற்றிப் பேச்சில்லை. இதை வைத்து இட்லி எங்களுடையது என்று நான் கொடி பிடிக்க வரவில்லை. மாவைப் புளிக்க வைக்கலாமா கூடாதா என்று எங்கள் பெரியவர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் தீரவில்லை.

உடுப்பியைப் புகழ்ந்துவிட்டு அடுத்ததை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்து நல்ல ஓட்டல் யாருக்கு நல்ல ஓட்டல்? என் தகப்பனார் வந்தவாசிப் பக்கத்திலிருந்து நெல் வியாபாரத்துக்கு வந்த வாலிப வயதில், பட்டணத்தில் ஒரு பேர்பெற்ற ஓட்டலில் உள்கூடத்துக்குப் போகப் பார்த்திருக்கிறார். பெயர் வேண்டாம். வாசலில் இருந்தவர் "நீங்க யாரு?" என்றார். "நயினார்" என்றாராம் அப்பா. அந்த ஆளுக்கு விளங்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் வெளித் திண்ணையைக் காட்டினார். உயிர்க்கொலை செய்யாத பரம்பரை என்று எங்களுக்கு ஒரு பெருமை உண்டு, அந்தத் திண்ணையில் அது செல்லாக் காசு. சாப்பாடு நன்றாக இருந்தது என்றுதான் அப்பா கடைசிவரை சொன்னார். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ரயில் நிலையங்களில்கூடப் பிராமணருக்குத் தனிச் சாப்பாட்டுக் கூடம் இருந்தது. பெரியார் இயக்கத்தின் போராட்டத்துக்குப் பிறகு 1941-ல் தென்னிந்திய ரயில்வே அதை நீக்கியது. 1957-ல் சென்னை முரளி கபே முன்னால், பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மறியல். மாதக்கணக்கில் நடந்தது, நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள், கடைசியில் அந்தச் சொல் போயிற்று. அதற்கு முன்பே, 1948-ல், திருவல்லிக்கேணியில் ரத்னா கபே வந்துவிட்டது. சாம்பார் இட்லிக்கு ஊரே கூடுகிற அந்தக் கடையைத் தொடங்கியவர் தமிழரும் அல்ல, உடுப்பிக்காரரும் அல்ல. வடக்கே மதுராவிலிருந்து வந்த ஜகதீஷ் பிரசாத் குப்தா. இட்லியை மிதக்கவிட்டுச் சாம்பாரை வாளியோடு கொண்டுவந்து ஊற்றும் கடை. சாம்பாரில் வெங்காயம் என்பதால் எனக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் வாசலில் நின்று பார்க்கப் பிடிக்கும்.

பீட்சாவின் கதையும் துறைமுகத்துக் கதைதான். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகள் தெருவில் வாங்கித் தின்ற ரொட்டி. அங்கிருந்து பிழைக்கப் போனவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1905-ல் நியூயார்க்கில் லொம்பார்டி கடை பீட்சா விற்றது. நேப்பிள்ஸ்காரர்கள் 1984-ல் சங்கம் வைத்து, அசல் பீட்சாவுக்கு மாவு இப்படி, அடுப்பு இப்படி என்று விதி எழுதினார்கள். 2017-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் அந்தக் கைத்தொழில் ஏறியது. நம் நாட்டுக்குப் பெரிய கம்பெனிகள் வந்தது 1996-ல். டொமினோஸ் டில்லியில், பீட்சா ஹட் பெங்களூரில், அதே வருஷம் சென்னையில் பீட்சா கார்னர். வந்தவர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது, இங்கே ருசியைவிட நம்பிக்கைதான் முதல் சரக்கு என்று. அகமதாபாத்தில் பீட்சா ஹட் மாமிசமே இல்லாத கடை திறந்தது, கிழங்கும் வெங்காயமும் இல்லாத சமணப் பட்டியலோடு.

பேத்தி போனில் நட்சத்திரம் எண்ணி ஒரு கடையைக் கண்டுபிடித்தாள். நாலரை நட்சத்திரம். வெங்காயம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னோம். வெங்காயத்தோடு வந்தது. பொறுக்கி எடுத்துவிட்டுச் சாப்பிடுங்க சார் என்றான் பையன். எழுந்து வந்துவிட்டோம். மணி ஐந்து இருபது. ஆட்டோ பிடித்துச் சௌகார்பேட்டை. நடக்கக்கூட இடமில்லாத சந்தில் ஒரு சின்னக் கடை. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் "ஜெயினா?" என்றார் கடைக்காரர். போர்டிலேயே 'ஜெயின் பீட்சா' என்று எழுதியிருந்தது. மாதரியைக் கண்ட மாதிரி இருந்தது எனக்கு.

திண்ணைக் கதையைப் பேத்திக்கு முன்பே சொல்லியிருந்தேன். அவள் போர்டைப் பார்த்துவிட்டு, "இதுவும் அந்த 'பிராமணாள்' போர்டு மாதிரிதானே தாத்தா?" என்றாள்.

"இல்லம்மா. அது யார் சமைச்சாங்க, யார் உள்ளே உட்காரலாம்னு சொன்ன போர்டு. இது உள்ளே என்ன போட்டிருக்குன்னு சொல்ற போர்டு" என்றேன். சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. அவள் பக்கத்து பெஞ்சைக் காட்டினாள். ஒரு சுமை கூலிக்காரர் எங்களுக்கு வந்த அதே பீட்சாவைத் தின்றுகொண்டிருந்தார். "அப்ப சரி" என்றாள்.

ஐந்து நாற்பதுக்கு என் பங்கை முடித்துக் கை கழுவினேன். இருட்டின பிறகும் அவள் தின்றுகொண்டுதான் இருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கப்பல் திரும்பி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட நம் போர்ட் பிளேர் வந்து சேர்ந்த அன்று, வீட்டில் நாலரை மணிக்கே இலை போட்டார்கள்.