தறியோடு வந்த குடிகள்

பிறந்த ஊரில் ஜீவனத்துக்கு வழியற்று, வேறோர் ஊரில் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்க எண்ணும் குடும்பஸ்தன் முதலில் விசாரிப்பது அரிசி விலையையும் குடியிருக்கும் மனைக்குக் கொடுக்கவேண்டிய வாடகையையும்தான் என்றாலும், அவன் அந்த ஊரில் வேரூன்றுவதும் ஊன்றாமற் போவதும், அதை ஆள்வோர் தன்னை அழைத்தபோது சொன்ன வாக்கை எத்தனை காலம் காப்பாற்றுகிறார்கள் என்பதையும், காப்பாற்றாதபோது மூட்டை கட்டிக்கொண்டு புறப்படும் சுதந்திரம் தனக்கு உண்டா என்பதையுமே பொறுத்திருக்கின்றன. சென்னைப் பட்டணம் உண்டான சரித்திரத்தைக் கோட்டையின் சரித்திரமாகவும் கும்பினி கவர்னர்களின் சரித்திரமாகவும் நாம் படித்துப் பழகிவிட்டோம்; அதைக் குடியேறி வந்த நெசவாளரின் சரித்திரமாகப் படிப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

நெசவாளர் ஊர் மாறுவது இந்நாட்டில் வெள்ளையர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த வழக்கம். உழவன் தன் நிலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக இயலாது. நெசவாளியோ குழித்தறியின் குழியை மட்டும் விட்டுவிட்டு, அச்சையும் விழுதையும் நாடாவையும் படைமரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டால், பாவு நீட்டுவதற்கு ஒரு நீண்ட தெருவும் கொஞ்சம் மரநிழலும் தண்ணீரும் அகப்படுகிற எந்த ஊரிலும் பத்து நாளில் தொழிலைத் தொடங்கிவிடலாம். சோழர் காலத்துத் தறியிறை முதலாகத் தறிக்கு இவ்வளவு என்று வரி வாங்கி வந்த அரசர்களும் கோயில் நிர்வாகிகளும் இதை நன்கு உணர்ந்திருந்தனர். விஜயநகர காலத்துச் சாசனங்களில், நெசவாளரை ஓர் ஊரில் குடியேற்றுவதற்காகவும் ஏற்கெனவே இருப்பவர் வெளியேறாமல் இருப்பதற்காகவும் வரியைக் குறைத்தும் நீக்கியும் கொடுத்த செய்திகளைக் காண்கிறோம். வரி மட்டுமன்று, காஞ்சிபுரத்து நெசவாளராகிய கைக்கோளருக்கு இருந்த தண்டு, சங்கு முதலிய மரியாதைகள் தங்களுக்கும் வேண்டுமென்று பிற ஊர்க் கைக்கோளர் கேட்டுப் பெற்றதையும் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. மலிவான ஊரைத் தேடியவர்கள் மதிப்பான ஊரையும் சேர்த்தே தேடினார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இத்தகைய நாட்டில்தான் 1639-ஆம் ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஊழியனான பிரான்சிஸ் டே, கூவம் கடலோடு கலக்குமிடத்துக்கு அருகே ஒரு மணற்பரப்பைப் பார்வையிட்டான். கும்பினி அதுவரை வியாபாரம் செய்துவந்த மசூலிப்பட்டணத்தில் கோல்கொண்டா அதிகாரிகளின் உபத்திரவம் பொறுக்கமுடியாததாக இருந்தது. அதன் மற்றொரு நிலையமான ஆர்மகானில் கும்பினிக்கு வேண்டிய தரத்தில் துணி அகப்படவில்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். சாந்தோமில் போர்ச்சுகீசியர் இருந்தார்கள். டே தேர்ந்தெடுத்த இடமோ துறைமுகத்துக்குச் சற்றும் ஏற்றதன்று. கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, மசூலாப் படகுகள் அலையோடு போராடிச் சரக்கை ஏற்றி இறக்க வேண்டிய கரை அது. ஆயினும் நல்ல நீளத்துணி இங்கே மற்ற இடங்களைவிட நூற்றுக்கு இருபது பங்கு மலிவாகக் கிடைக்கும் என்று அவன் தன் மேலதிகாரிகளுக்குத் தெரிவித்தான். வந்தவாசியில் இருந்த தாமர்ல வேங்கடப்ப நாயக்கரும், பூந்தமல்லியில் இருந்த அவர் சகோதரர் ஐயப்ப நாயக்கரும் இடம் கொடுக்க இசைந்தனர். 1640-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக்குள் கோட்டையின் முதற்பகுதி எழுந்துவிட்டது.

கோட்டைச் சுவரைக் காட்டிலும் அந்தப் பட்டணத்தை உண்டாக்கியது வேறோர் அறிவிப்பு. இவ்வூரில் வந்து குடியேறுவோர் உண்பன, பருகுவன, உடுப்பன ஆகியவற்றின்மீது 30 ஆண்டுகளுக்குச் சுங்கம் கிடையாது என்று கும்பினியார் பறைசாற்றினார்கள். அரிசிக்கும் எண்ணெய்க்கும் துணிக்கும் ஊர் எல்லையில் சுங்கம் வாங்குவது எங்கும் வழக்கமாக இருந்த காலத்தில், அன்றாடக் கூலியால் வயிறு வளர்க்கும் குடும்பத்துக்கு இது எத்தனை பெரிய அநுகூலம் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஓராண்டுக்குள்ளாகவே எழுபது எண்பது நல்ல வீடுகள் எழுந்ததாகவும், முந்நூறு நானூறு நெசவாளர் குடும்பங்கள் நிலையாகத் தங்க வந்துவிட்டதாகவும் கும்பினியின் காகிதங்கள் கூறுகின்றன. கோட்டைக்கு வடக்கே அவர்களுடைய வீடுகளும் கடைகளும் சேர்ந்து உண்டான ஊரைத்தான் வெள்ளையர் பின்னாளில் கறுப்பர் பட்டணம் என்றழைத்தார்கள். துணியை வெளுத்துக் கொடுப்போர் அதற்கும் வடக்கே தங்கிய இடமே வண்ணாரப்பேட்டை.

வந்தவர்கள் எல்லோரும் வாழ்ந்துவிடவில்லை. ஏழாண்டு கழிவதற்குள், 1646-47-இல் கோல்கொண்டாப் படையெடுப்பும் கொடிய க்ஷாமமும் ஒருங்கே வந்து, தறியை நம்பியிருந்தோர் திரள் திரளாக மாண்டார்கள். நெல் விளைவிக்காத ஊரில், விலைக்கு வாங்கிச் சாப்பிடும் தொழிலாளிக்கு மலிவுகாலம் எவ்வளவு இனியதோ, பஞ்சகாலம் அவ்வளவு கொடியது. அப்படியும் பட்டணம் அழியவில்லை. எஞ்சியோர் தங்கினார்கள், புதியோரும் வந்தார்கள்.

முப்பதாண்டுத் தவணை முடிந்தபின் நிர்வாகத்தின் சுபாவம் மாறத் தொடங்கியது. 1678-இல் ஸ்டிரெய்ன்ஷாம் மாஸ்டர் என்ற கவர்னர் தெருக்களைச் சுத்தம் செய்யும் செலவுக்காக வீடுகளின்மேல் வரி விதிக்க முற்பட்டார். குடிகள் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கை எடுத்துக்காட்டி எதிர்த்தார்கள். 1680-இல் துணியில் சித்திரச் சாயம் எழுதுவோரும் வேறு சிலரும் கும்பினியோடு பிணங்கி, சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, பட்டணத்துக்கு உணவுப்பொருள் வராதபடி தடுக்கவும் முனைந்தார்கள். 1707-இல் வலங்கை, இடங்கை என இரு பிரிவாக நின்ற சாதியாருக்குள் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்ற சச்சரவு மூண்டபோது, கவர்னர் தாமஸ் பிட் செய்த ஏற்பாட்டில் அதிருப்தியுற்ற வலங்கையார், படகோட்டிகளும் வண்ணாரும் மீன்பிடிப்போரும் உட்படப் புறப்பட்டுச் சாந்தோமுக்குச் சென்றுவிட்டார்கள். படகோட்டி இல்லாவிட்டால் கப்பலுக்குச் சரக்கு ஏறாது, வண்ணார் இல்லாவிட்டால் துணி வெளுக்காது; ஆகவே கோட்டைக்குள் பீரங்கி வைத்திருந்த கவர்னர், பீரங்கியற்ற அம்மக்களைச் சமாதானம் பேசித் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையாருக்கும் முத்தியாலுப்பேட்டை இடங்கையாருக்கும் என்று ஏற்பட்டது அதன் விளைவே. சில மைல் தூரத்தில் போய்த் தங்குவதற்கு இன்னோர் ஊர் இருந்தது என்ற ஒரே காரணத்தால், ஆயுதமற்ற குடிகள் அதிகாரத்தோடு சரிசமமாகப் பேச முடிந்த காலம் அது. அக்காலத்துச் சென்னையின் உண்மையான செல்வம் அதுவே என்று நான் கருதுகிறேன்.

நெசவாளரை மீண்டும் மீண்டும் அழைத்துக் குடிவைக்க வேண்டிய அவசியமும் கும்பினிக்கு இருந்துகொண்டே வந்தது. ஜோசப் காலெட் கவர்னராக இருந்தபோது திருவொற்றியூருக்கு அருகே அமைத்த பேட்டை அவர் பெயராலேயே வழங்கி, மக்கள் வாயில் காலடிப்பேட்டையாயிற்று. அதைவிட விரிவான முயற்சி 1734-இல் மார்ட்டன் பிட் காலத்தில் நடந்தது. கும்பினியின் பெருவணிகராக முன்பு இருந்த சுங்குராமருடைய தோட்டத்தை, கூவம் வளைந்து மூன்று பக்கமும் அணைத்துக்கொள்ளும் அந்த அழகிய இடத்தை, அதிகாரிகள் எடுத்து நெசவாளர் பேட்டையாக்கினார்கள். அங்கே நூற்போர், நெய்வோர், சாயம் எழுதுவோர், வெளுப்போர், சாயம் தோய்ப்போர் ஆகியவர்களும், கோயிலுக்கு வேண்டிய அந்தணரும் ஆடல் மகளிரும் மற்றப் பணியாளரும் தவிர வேறெவரும் குடியிருக்கக் கூடாதென்று நிபந்தனை விதிக்கப்பட்டது. ஆதியப்ப நாராயண செட்டி முதலிய தனவந்தர்கள் வந்தவர்களுக்கு வீடு கட்டப் பணம் உதவினார்கள். சிவனுக்கும் திருமாலுக்கும் அருகருகே கோயில்கள் எழுந்தன. மூன்றாண்டுக்குள் சுமார் 230 நெசவாளர் குடும்பங்கள் சேர்ந்துவிட்டன. சிந்தாதிரிப்பேட்டை அவ்வாறு உண்டான ஊர். கையில் காசில்லாமல் வருபவனுக்கு மனை, கடன், தொழில், கோயில், தன் தொழிலாரின் அண்டை அயல் ஆகிய அனைத்தும் ஒருசேரக் கிடைக்கும்படி செய்த அந்த ஏற்பாட்டில் வியாபார லாபமே நோக்கமாயிருந்தபோதிலும், குடியேற்றம் எப்படி நடக்கவேண்டும் என்பதை அதை வகுத்தவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

அக்காலத்து முன்பண முறையிலும் நெசவாளிக்கு ஒரு காப்பு இருந்தது. வணிகனிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி, நல்ல விலை தருபவன் வேறொருவன் வந்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். 1763-இல் செங்கற்பட்டுச் சீமை ஆற்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகக் கும்பினியின் கைக்கு வந்தபின், வியாபாரியாக இருந்தவர்களே நாட்டை ஆள்பவர்களும் ஆனார்கள். இடையில் இருந்த வணிகரை நீக்கிக் குமாஸ்தாக்களை வைத்தார்கள். முன்பணம் வாங்கியவன் வேறு எவருக்கும் நெய்யக் கூடாதென்றார்கள். துணி முடியும்வரை வீட்டு வாசலில் சேவகனை நிறுத்தினார்கள். போவதற்கு வேறோர் ஊரும் மிஞ்சவில்லை, ஏனெனில் எந்த ஊருக்குப் போனாலும் அங்கும் அதே கும்பினியின் அதிகாரமே காத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து யந்திரத் துணி வந்து தறிகளை நிறுத்தியது என்று சொல்வது உண்மையே. ஆனால் நெசவாளியின் தாழ்வு அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, அவன் எழுந்து போகும் உரிமையை இழந்த அன்றே தொடங்கிவிட்டது.

அதன்பின் இக்கரையை விட்டுப் புறப்பட்டவர்கள் கடலைத் தாண்ட வேண்டியிருந்தது. 1834 முதல் மொரீஷியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்து அவற்றில் ஏறியவர்களுள் நிலமற்ற கூலிகளோடு தறியிழந்தோரும் இருந்தார்கள். அங்கேயும் கூலி இவ்வளவு, அரிசி இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லித்தான் அழைத்தார்கள். தவணை முடியுமுன் தோட்டத்தைவிட்டு வெளியேறியவனைச் சிறையில் அடைப்பதற்கும் அங்கே சட்டம் இருந்தது.