வட்டுக்கோட்டைக் கிணறுகளும் யாரும் வகுக்காத ஒழுங்கும்

மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடல்நீரேரியைச் சேரும் வழுக்கையாற்றின் அண்டையில் அமைந்த வட்டுக்கோட்டையில், வற்றாத ஆறே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஏனைய ஊர்களைப் போலவே, தோட்டச் செய்கை கிணற்றை நம்பியே வளர்ந்தது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கும் மழைநீர் அடியிலுள்ள கனமான உவர்நீரின்மேல் வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலின் பொதுவிதியாதலால், மேலே சிறிது குறைந்தாலும் கீழே உவர் வெகுவாக ஏறிவிடும்.

கிணற்று நீரை இறைக்கும் நெம்புமரமான துலா இருந்த காலத்தில் ஒருவர் அதில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டை பிடித்து ஊற்ற, இன்னொருவர் தோட்டத்தில் தண்ணீர் மாறினார். ஒரே கிணற்றில் பலருக்கும் பங்கு இருந்தபடியால் இறைப்பு முறைவைத்து நடந்தது. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் காணி உறுதிகளிலேயே எழுதப்பட்டன. நிலத்தடி நீரைக் காக்கவென்று எவரும் இவ்வழக்கத்தை வகுக்கவில்லை. ஆட்களின் களைப்பும் பங்காளிகளின் முறையும் சேர்ந்து இறைப்பை மட்டுப்படுத்தி அக்காவலைச் செய்தன. தனித்தனிச் செயல்கள் ஒன்றையொன்று பாதிப்பதால் முழுமையில் மட்டும் தோன்றும் இத்தகைய இயல்பை அறிவியலார் எழுபண்பு என்பர்.

1950களுக்குப் பின் நீரிறைக்கும் இயந்திரம் பரவியதும், 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போனதும், களைப்பு என்ற எல்லையை அகற்றின. தன் பயிருக்கு வேண்டியதை இறைத்த எந்தக் கமக்காரரையும் குறைகூற இயலாது. ஆயினும் குடாநாட்டின் கரையோரக் கிணறுகள் பல உவராயின. அதுவும் எவரும் எண்ணாத எழுபண்பே.

இத்தகைய விளைவுகளை ஆராயும் முறை முகவர்வழி மாதிரியாக்கம் எனப்படும். இதில் ஒவ்வொரு குடும்பத்தையோ குழுவையோ எளிய விதிகளின்படி முடிவெடுக்கும் முகவராகக் கணினியில் அமைத்து, அவை கூடி விளைவிப்பதைக் காண்பர். பாலித் தீவின் 172 பாசனக் குழுக்களை 1993இல் ஸ்டீபன் லான்சிங்கும் ஜேம்ஸ் கிரெமரும் இவ்வாறு ஆராய்ந்தபோது, விளைச்சல் மிகுந்த அயலாரின் பயிர்க்காலத்தைப் பின்பற்றுவது என்ற ஒரே விதியிலிருந்து, அங்கு பாசன முறையைப் பேணும் நீர்க்கோயில்களின் ஒழுங்கை ஒத்த அமைப்பு உருவாயிற்று. மேலிருந்து ஆணையிட எவருமில்லாமலே நீர்ப்பங்கீடு அமையக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

வட்டுக்கோட்டை அடங்கிய வலிகாமத்துக்கும் இத்தகைய ஆய்வு வேண்டும். அதற்கான விதிகள் பழைய உறுதிகளிலும் துலா மிதித்த முதியோரின் நினைவிலும் இருப்பதால், வரலாற்றாளரும் நீரியலாளரும் சேர்ந்து அவற்றை இப்போதே தொகுத்தல் வேண்டும்.