பொம்மைப் படைக்கு எந்த விதி?

சதுரங்கம் ஆடியிருக்கிறீர்களா? அப்படியானால் ஒரு கேள்வி. உங்கள் குதிரை, எதிரியின் யானை நிற்கும் கட்டத்திற்குத் தாவுகிறது, யானை வெட்டுப்படுகிறது. குதிரை எப்படி யானையை வீழ்த்தியது? வலிமையாலா? இல்லை. அடுத்த ஆட்டத்தில் அதே யானை அதே குதிரையை வெட்டக்கூடும். 'எவன் முந்திக்கொண்டு வந்து தாக்குகிறானோ, அவனே வெல்வான்' என்பது விதி. அவ்வளவுதான். களைப்பு, அச்சம், சேற்று நிலம், குறி தவறிய அம்பு ஆகிய எதற்கும் அந்தப் பலகையில் இடமில்லை.

தேர், யானை, குதிரை, காலாள் ஆகிய நான்கு உறுப்புகள் கொண்ட படை என்பதே சதுரங்கம் என்ற சொல்லின் பொருள். இந்தியாவில் பிறந்த இந்த ஆட்டம், பாரசீகம், அரபு நாடுகள் ஆகியவற்றின் வழியே ஐரோப்பாவை அடைந்தது. அங்கே சிலருக்கு, 'இது உண்மைப் போரைப் போல் இல்லையே' என்ற குறை தோன்றியது. அக்குறையைத் தீர்க்கப் புறப்பட்ட முயற்சியின் நீட்சிதான், மேசை மீது நூற்றுக்கணக்கான சிறு பொம்மைகளை அணிவகுத்து ஆடும் இன்றைய போர் விளையாட்டு. அதன் ஒரு கிளையில் வாள் வீரர்களுடன் மாயாவிகளும், குள்ளர்களும், தீயுமிழும் டிராகன்களும் சேர்ந்து போரிடுகின்றனர். இதை ஆடத் தொடங்குபவர், பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி முடித்ததும் கேட்கும் கேள்வி, 'எந்த விதித்தொகுப்பின்படி ஆடுவது?' என்பது. விதி நூல்களோ பல. எதைத் தேர்வது என்பதற்கு விடை, இவ்விளையாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. வாருங்கள், அதைப் பார்ப்போம்.

கணித ஆசிரியரின் பலகை

ஜெர்மன் நாட்டின் பிரவுன்ஷ்வைக் நகரில் கணிதம் கற்பித்தவர் ஹெல்விக். 1780-ஆம் ஆண்டில் அவர் ஒரு புதிய போர் ஆட்டத்தை வெளியிட்டார். சதுரங்கத்தின் 64 கட்டங்களுக்குப் பதில் அவர் பலகையில் 1,617 கட்டங்கள் இருந்தன. அவற்றின் வண்ணங்கள், மலை, நீர், சதுப்பு என நிலத்தின் தன்மையைக் குறித்தன. இவ்வாறு நிலம் ஆட்டத்திற்குள் வந்துவிட்டது. ஆனால், தற்செயல் என்பது வரவில்லை. சதுரங்கத்தைப் போலவே இங்கும் தாக்குதலின் முடிவு முன்கூட்டியே உறுதி.

அக்குறையைப் போக்கியவர்கள் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த ஒரு தந்தையும் மகனும். தந்தை ரைஸ்விட்ஸ் 1812-இல் தம் ஆட்டத்தைப் பிரஷ்ய மன்னருக்குக் காணிக்கையாக்கினார். நிலக்கூறுகளை ஓடு ஓடாக அடுக்கி அமைக்கக்கூடிய அழகிய மேசை அது. படை அதிகாரியான மகன், 1824-இல் மேசையைக் கைவிட்டு வரைபடத்தைக் கையிலெடுத்தார். நிலத்தில் 8,000 அடி என்றால் வரைபடத்தில் ஓர் அடி. ஒரு சுற்று என்பது போர்க்களத்தின் 2 நிமிடம். எதிரியின் படை கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்கு வரும்வரை வரைபடத்தில் வைக்கப்படாது. ஆடுபவர்கள் கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பார்கள். அவர் அவற்றை நிறைவேற்றுவார்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, பகடை! துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, இத்தனை தொலைவில் இத்தனை குண்டுகள் இலக்கில் படும் என்று ஷார்ன்ஹோர்ஸ்ட் என்னும் தளபதி வெளியிட்ட கணக்குகள் இளைய ரைஸ்விட்ஸுக்குக் கிடைத்தன. நூறு குண்டுகள் சுட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையா இலக்கில் படும்? சராசரி ஒன்று, அதைச் சுற்றி ஏற்ற இறக்கம் ஒன்று. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பகடை காட்டியது. பகடை சூதாடியின் கருவி என்று எண்ணுகிறோம். இங்கே அது சோதனை முடிவைச் சுமந்து நிற்கும் அறிவியல் கருவியாகிவிட்டது.

விதியா, நடுவரா?

விதிகள் பெருகின. பட்டியல்கள் பெருகின. ஒரு மோதலின் முடிவைக் கணக்கிட, அந்த மோதல் நடக்கும் நேரத்தைவிட அதிக நேரம் பிடித்தது. படை அதிகாரிகள் சலித்தனர். 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி துணிந்து ஒரு கருத்தை முன்வைத்தார்: பட்டியலும் வேண்டாம், பகடையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் ஒருவர் நிலைமையைப் பார்த்து முடிவு சொல்லட்டும்.

ஆட்டம் விரைந்தது, உண்மைதான். ஆனால், நடுவர் தவறினால்? நூறு விதிகள் ஒரு மனிதரின் தலைக்குள் போய் மறைந்துகொண்டன, அவ்வளவே. மறைந்த விதியைச் சோதித்துப் பார்க்க முடியாது. நுணுக்கமா, வேகமா? எழுதிய விதியா, இருவர் ஒத்துக்கொள்ளும் தீர்ப்பா? இந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

வெல்ஸின் பீரங்கி

அறிவியல் புனைகதைகளால் நீங்கள் அறிந்த எச். ஜி. வெல்ஸ், 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு நூலை வெளியிட்டார். அவருடைய படை, கடையில் விற்ற பொம்மை வீரர்கள். காலாளுக்கு ஒரு சுற்றில் ஓர் அடி, குதிரை வீரனுக்கு இரண்டு அடி. பீரங்கியோ, சுருள்வில்லால் சிறு மரத்துண்டை எறியும் பொம்மைப் பீரங்கி. பகடை தேவையில்லை, மரத்துண்டு பட்டு விழுந்தவன் இறந்தவன். எறிபொருளின் இயக்க விதிகளே அங்கு நடுவர்! கைகலப்பில் மட்டும் ஒருவனுக்கு ஒருவன் என்று இரு பக்கமும் சமமாக வீரர்களை நீக்கினர். அந்நூலின் முடிவில், இத்தகைய ஆட்டத்தைச் சில முறை ஆடினாலே உண்மைப் போர் எவ்வளவு தடுமாற்றமானது என்று புரிந்துவிடும் என்று அவர் எழுதினார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

நூறும் அறுபதும்

அந்தப் போரின் நடுவே, 1916-இல், இங்கிலாந்தின் மோட்டார் பொறியாளர் லான்செஸ்டர் தம் நூலில் ஓர் எளிய கணக்கைத் தந்தார். விதி நூலைத் தேர்வதற்கு இதைவிட நல்ல உரைகல் இல்லை.

ஒரு குறுகிய கணவாய். ஒருவருக்கு எதிரே ஒருவர்தான் நிற்க முடியும். ஒரு பக்கம் 100 வாள் வீரர், மறு பக்கம் 60. திறமை சமம். ஒன்றுக்கு ஒன்று மடிந்தால், 60 பேர் அழியும்போது 40 பேர் எஞ்சுவர். இப்போது அவர்களையே வெட்டவெளியில் வில்லாளராக நிறுத்துங்கள். எவரும் எவரையும் எய்யலாம். பெரிய படை அதிக அம்புகளை எய்கிறது. சிறிய படை வேகமாகக் குறைகிறது. குறையக் குறைய அதன் அம்புகளும் குறைகின்றன. இங்கே படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100-இன் வர்க்கம் 10,000, 60-இன் வர்க்கம் 3,600, வேறுபாடு 6,400. அதன் வர்க்கமூலம் 80. அதாவது 80 பேர் எஞ்சுவர்! வீரர்கள் அதே வீரர்கள். மாறியது, எத்தனை பேர் ஒரே நேரத்தில் தாக்க முடியும் என்பதே.

ஆகவே, முன்வரிசை மட்டுமே வெட்டலாம் என்று ஒரு நூலும், பின்வரிசையும் வெட்டலாம் என்று இன்னொரு நூலும் சொன்னால், அதைச் சிறு வேறுபாடு என்று எண்ணிவிடாதீர்கள். அவை இரண்டும் இரு வேறு உலகங்கள்.

மாயாவி வருகிறான்

1971-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் இருவரும் 'செயின்மெயில்' என்ற விதி நூலை வெளியிட்டனர். இடைக்காலப் போருக்கான அந்நூலில் ஒரு பொம்மை 20 வீரர்களைக் குறித்தது. அதன் பின்னிணைப்பில் மாயாவிகளும் டிராகன்களும் இடம்பெற்றனர். அதில் வரும் நாயகன் நான்கு வீரர்களுக்குச் சமமாகப் போரிடுவான். நான்கு வெட்டுகள் சேர்ந்து விழுந்தால்தான் சாவான். லான்செஸ்டர் கணக்கை நினைவில் கொள்ளுங்கள். சூழ்ந்து தாக்கும் நால்வருக்கு ஒருவன் ஈடாக, தாக்கும் திறன் 4 மடங்கு, தாங்கும் திறன் 4 மடங்கு, ஆக 16 மடங்கு வேண்டும். கற்பனை உலகமானாலும் கணக்கு கணக்குதான்! இந்நூலின் வழியில்தான் 1974-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிறந்தது.

1983-இல் இங்கிலாந்தில் ஆன்செல், ஹாலிவெல், பிரீஸ்ட்லி ஆகிய மூவரின் 'வார்ஹாமர்' வெளிவந்தது. பொம்மைகள் விற்க வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அதில் வெட்டு பட்டதா, காயம் உண்டானதா, கவசம் காத்ததா என்று மூன்று முறை பகடை உருட்ட வேண்டும். சமமான இருவர் மோதுவதாகக் கொள்வோம். வெட்டுப்பட நிகழ்தகவு 1/2, காயமுற 1/2, 5 அல்லது 6 விழுந்தால் கவசம் காக்கும், ஆகவே அது காக்கத் தவற 2/3. மூன்றையும் பெருக்குங்கள். 1/6! ஒரே பகடையை ஒரே முறை உருட்டி, '6 விழுந்தால் செத்தான்' என்று சொன்னாலும் இதே விடைதானே?

அப்படியானால் மூன்று உருட்டல்கள் வீணா? இல்லை. திறமை, வலிமை, கவசம் ஆகிய மூன்றையும் தனித்தனியே மாற்ற அவை மூன்று திருகுகள். அந்தத் திருகுகளைத் திருப்ப உங்களுக்கு ஆசை இருந்தால் அவை தேவை. இல்லையென்றால், ஒவ்வொரு மோதலிலும் கைநிறையப் பகடைகளை மும்முறை உருட்டுவது வெறும் உழைப்பே.

மீண்டும் எளிமை

ஊசல் மறுபுறம் திரும்பியது. 1991-இல் வந்த 'ஹோர்ட்ஸ் ஆஃப் த திங்ஸ்' நூலில் தனி வீரன் கணக்கிலேயே இல்லை. பொம்மைகள் ஒட்டிய தட்டு ஒன்றே ஓர் அணி. மோதும் அணிகள் ஆளுக்கொரு பகடை உருட்ட வேண்டும். குறைந்த தொகை பெற்றது பின்வாங்கும், மிகக் குறைந்தால் அழியும். 2010-இல் கவத்தோரே எழுதிய 'கிங்ஸ் ஆஃப் வார்' விதிகளிலும் பொம்மைகளை ஒவ்வொன்றாக நீக்குவதில்லை. அணிக்கு ஏற்பட்ட சேதத்துடன் இரு பகடைகளின் தொகையைக் கூட்டி, அணியின் மனவுறுதி எண்ணோடு ஒப்பிட வேண்டும். படைகள் கடைசி வீரன் சாகும்வரை நிற்பதில்லை, மனமுடைந்து ஓடுகின்றன என்ற உண்மை இங்கே முதலிடம் பெறுகிறது.

2015-இல் 'வார்ஹாமர்' படைப் போர் ஆட்டத்தை அதன் நிறுவனம் நிறுத்தியது. அதனிடத்தில் வந்த 'ஏஜ் ஆஃப் சிக்மார்' ஆட்டத்தின் அடிப்படை விதிகள் நான்கே பக்கம். படைகளைச் சமமாக்கும் மதிப்பெண்களும் அதில் இல்லை; ஆடுபவர்களே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். 1876-இன் குரல் மீண்டும் கேட்கிறதல்லவா? அடுத்த ஆண்டே, 2016-இல், மதிப்பெண்கள் சேர்க்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் வண்ணம் தீட்டிச் சேர்த்த படைகளைப் பலர் தூக்கி எறியவில்லை. பழைய விதிகளிலும், தாங்களே எழுதிய விதிகளிலும் ஆடினர். 2024-இல் அந்நிறுவனமே 'த ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் பழைய முறையை மீட்டுக் கொண்டுவந்தது. விதி நூல் போகும், வரும், பொம்மை நிலைக்கும்.

எதைத் தேர்வது?

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். தனி ஊசலின் அலைவுக் காலத்தைக் கணக்கிடும்போது காற்றின் தடையை விட்டுவிடுகிறோம். 'அது தவறில்லையா, ஐயா?' என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பார். 'புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண அது தவறில்லை. ஊசல் எப்போது ஓயும் என்று காண அது பெருந்தவறு' என்பதே என் விடை. விட்டுவிடாமல் எந்தக் கணக்கும் இல்லை. கேள்வியைப் பொறுத்தே எதை விடலாம் என்பது.

போர் விதிகளும் அப்படித்தான். எனவே, நூலின் பருமனைப் பார்க்காதீர்கள். முதலில் உங்களைக் கேளுங்கள்: அந்த மேசையில் நான் யார்? குன்றின் மேல் நின்று பத்தாயிரம் பேரை நடத்தும் தளபதியா? அப்படியானால் ஒரு வீரனின் கேடயம் உங்கள் கவலையன்று. அணிகளும் மனவுறுதியும் பேசும் விதிகளைத் தேருங்கள். டிராகனின் எதிரே வாளோடு நிற்கும் நாயகனா? அப்போது கேடயம்தான் எல்லாம். மூன்று உருட்டல்களும் இனிக்கும். பிறகு, இருக்கும் நேரத்தையும் எதிரே அமரும் நண்பரையும் கருதுங்கள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி முடிவு காணாமல் கலையும் போரால் யாருக்கு என்ன பயன்? கடைசியாக, பத்துப் பொம்மைகளை வைத்து ஒரு மோதலைத் தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். விடை உங்களுக்கு நம்பும்படியாக இருந்தால் அந்த நூலை வாங்குங்கள்.

ஆனால், எந்த நூலை வாங்கினாலும் ஒன்றை மறவாதீர்கள். ரைஸ்விட்ஸ் முதல் இன்றுவரை எல்லா விதிகளும் விட்டுவிட்ட ஒன்று உண்டு: மேசையிலிருந்து நீக்கிய பொம்மை அடுத்த ஆட்டத்தில் எழுந்து நிற்கும், மனிதன் எழமாட்டான். 1913-இல் வெல்ஸ் சொல்ல வந்ததும் அதுவே.