கோல லங்காட் கரையில் மலேரியாவும் கலைந்த கருக்களும்

தெலுக் பங்லிமா காராங் சிலாங்கூரின் கோல லங்காட் மாவட்டத்தில், தாழ்ந்த கடலோரச் சதுப்பில் அமைந்த ஊர். ஆற்றுக்கு அப்பால் கேரித் தீவு. இலங்கையில் தோட்டம் நடத்திவிட்டு மலாயா வந்த எட்வர்ட் வேலன்டைன் கேரியின் பெயரைத் தாங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வட்டாரத்துக் காட்டை வெட்டிப் பால்மரம் (ரப்பர்) நட்டனர். வெட்டவும் நடவும் பால் சீவவும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தனர்.

தோட்டத்தில் பிறப்புக்கும் இறப்புக்கும் பதிவு இருந்தது. கலைந்த கருவுக்கு இல்லை. பிறப்பு குறைந்ததே அதன் ஒரே தடயம். ஒரே பெண்ணுக்கு இரண்டு மூன்று முறை கரு தங்காமல் போனால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தோஷம் என்றார்கள். காரணம் பல சமயம் லயத்தைச் சுற்றியிருந்த, கொசு பெருகிய நீரில் இருந்தது.

மலேரியாக் கிருமி தொற்றிய சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் தேங்கிச் சிசுவுக்குப் போகும் ஊட்டத்தைக் குறைக்கின்றன. கடுங்காய்ச்சலும் இரத்தசோகையும் சேர்ந்தால் தொடக்க மாதங்களில் கரு கலையும். பிந்திய மாதங்களில் குறைப்பிரசவமோ செத்துப் பிறப்பதோ நேரும். மலேரியா ஓயாத இடத்தில் வளர்ந்தவளுக்கு ஒவ்வொரு பேறுகாலத்திலும் எதிர்ப்புச் சக்தி ஓரளவு கூடும். புதிதாகக் கப்பலேறி வந்தவளுக்கு அந்தக் காப்பும் இல்லை. கொக்கிப்புழு வேறு இரத்தத்தை உறிஞ்சியது.

மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா மருந்தே கருவைக் கலைக்கும் என்ற பயம் நெடுநாள் நிலவியது. அளவு மிகுந்த கொய்னா ஆபத்து என்பது உண்மைதான். ஆனால் காய்ச்சலை மருந்தில்லாமல் விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. இந்த விவகாரத்தைத் தெளிவாக்கியதில் கொழும்பு மகப்பேறு மருத்துவர் ஜி.ஏ.டபிள்யூ. விக்கிரமசூரியாவுக்குப் பங்குண்டு. 1934-35இல் இலங்கையைச் சூறையாடிய மலேரியாக் கொள்ளைநோயின்போது கர்ப்பிணிகளைக் கவனித்து அவர் எழுதிய நூல் 1937இல் வந்தது. மலேரியாவையும் கொக்கிப்புழுவையும் அது சேர்த்தே ஆராய்ந்தது.

கோல லங்காட்டுக்கு அருகிலுள்ள கிள்ளானில் சிகிச்சை மண்வெட்டியால் தொடங்கியது. கொசுவே மலேரியாவைச் சுமக்கிறது என்று ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டிருந்தார். 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், அந்த ஊரிலும் புதிய துறைமுகமான போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் சதுப்பை வடிக்கச் செய்தார், காய்ச்சல் சரிந்தது. பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியவர்களை எண்ணி, ஒவ்வொரு தோட்டத்தின் நிலையையும் அளந்தார். சமவெளிக் கொசு நிழலான சதுப்பில் முட்டையிட்டது, எனவே காடு வெட்டி வாய்க்கால் எடுத்தால் போதும். குன்றுப்புறக் கொசுவுக்கோ வெயில்பட்ட தெளிந்த ஓடை பிடிக்கும். அங்கே காடு வெட்டியது காய்ச்சலை வளர்த்தது. கடலோரத்தில் உப்புநீர் புகாதபடி கரைகட்டி மதகு வைக்க வேண்டியிருந்தது.

பால் சீவும் பெண்ணுக்குத் தனியாக எந்தப் பரிசோதனையும் நடக்கவில்லை. ஆயினும் வாய்க்கால் வெட்டிய தோட்டத்தில் அவளுடைய அடுத்த கரு பிழைக்க வழி பிறந்தது. மருத்துவ வரலாறு எழுதுவோர் இந்தப் பலனை அதிகம் பேசுவதில்லை.

மலேரியா தவிர, கரு தங்காமைக்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றைத் தேடுவதில் ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு பெரிய உதவி, சிபிலிஸைக் காட்டும் 1906ஆம் ஆண்டு வாசர்மன் இரத்தச் சோதனை. பிற்காலக் கருச்சிதைவுக்கும் செத்துப் பிறப்புக்கும் அந்நோய் முக்கியக் காரணம். பென்சிலின் வந்தபின்தான் அதற்கு எளிய தீர்வு கிடைத்தது. இரத்தத்தை உறையச் செய்யும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களுக்கும் கருச்சிதைவுக்கும் உள்ள தொடர்பு 1980களில் தெளிவானது. இன்று அவற்றுக்கான சோதனையைப் பன்னிரண்டு வார இடைவெளியில் இருமுறை எடுக்கிறார்கள். தைராய்டு சோதனையும் கருப்பை ஸ்கேனும் செய்கிறார்கள், தேவைப்பட்டால் பெற்றோரின் குரோமோசோம்களையும் பார்க்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் ஏறக்குறையப் பாதித் தம்பதிகளுக்குக் காரணம் தெரிவதில்லை. அவர்களில் பலர் அடுத்த முறை நலமாகப் பிள்ளை பெறுகிறார்கள்.

மனிதரிடையே பரவும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. உள்நாட்டில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் குரங்கிலிருந்து தொற்றும் நோலெசி வகை.